வயிற்று வலிக்கு வந்தவன்

— தம்பி, இப்பத்தான் வலது பக்கம்னீங்க. அதுக்குள்ள இடது பக்கம் கைய வெக்கிறீங்க. வலி என்ன, உள்ளயே ஊர் சுத்துதா?

— ரெண்டு பக்கமும்தான் டாக்டர்.

— சரி, நான் அமுக்குறேன். எங்க வலிக்குதோ அங்க சொல்லுங்க. இங்க?

— இல்ல.

— இங்க?

— ம்... கொஞ்சம்.

— கதவையே பாத்துக்கிட்டு 'கொஞ்சம்'னா எனக்கு எப்படித் தெரியும்? முகத்த இப்படித் திருப்பி மேல பாருங்க.

— டாக்டர், நான் தலைய அந்தப் பக்கம் வெச்சுப் படுத்துக்கட்டுமா?

— எதுக்கு?

— இப்படிப் படுத்தா கதவு சரியாத் தெரியல.

— மூடியிருக்கிற கதவுல என்னத்தப் பாக்கப் போறீங்க?

— கீழ ஒரு ஜாண் இடைவெளி இருக்கு. வெளிய பெஞ்சுல என் கூட்டாளி உக்காந்திருக்கான். அவன் ஷூ தெரியுது.

— கால்லதானே போட்டிருக்காரு, அத யாரு தூக்கிட்டுப் போகப்போறா? சரி, திரும்பிப் படுங்க. உங்க இஷ்டம். சட்டையில குத்தியிருக்கிற இந்தப் பேர்ப் பட்டைய மட்டும் கழட்டிருங்க, கையில குத்துது. 'எல்டர்'னு போட்டிருக்கு. மூத்தவர்னுதானே அர்த்தம்? சீட்டுல வயசு இருபத்தொண்ணுன்னு எழுதியிருக்காங்க.

— எங்க எல்லாருக்கும் அதே பட்டம்தான் டாக்டர். பத்தொம்பது வயசுக்காரனும் எல்டர்தான்.

— என் வீட்டுக்காரருக்கு அறுபத்திரண்டு. இன்னும் மூத்தவர் ஆகக் காணோம். நீங்க மார்மன் சபை ஊழியக்காரங்கதானே? டை கட்டிக்கிட்டு ரெண்டு சைக்கிள் போறத எங்க தெருவுலயும் பாத்திருக்கேன். எங்க வீட்டுக் கதவக்கூடத் தட்டினீங்க. மனுஷன் டிவிய அணைச்சிட்டு மூச்சு விடாம உக்காந்திருந்தாரு.

— தெரியும் டாக்டர். டிவி அணையுறது வெளிய நல்லாக் கேக்கும்.

— அட, சிரிக்க வருதே உங்களுக்கு! எந்திரிச்சு எடை மெஷின்ல ஏறி நில்லுங்க. ...ஐம்பத்தொம்பது. உங்க உயரத்துக்கு இது ரொம்பக் கம்மி. முன்னாடி எவ்ளோ இருந்தீங்க?

— எழுபத்தொண்ணு.

— எப்ப?

— ரெண்டு, ரெண்டரை மாசம் முன்னாடி.

— ரெண்டரை மாசத்துல பன்னெண்டு கிலோ! சாப்பிடுறீங்களா?

— சாப்பிடுவேன். ஒரு நாள் நான் சமைப்பேன், ஒரு நாள் அவன்.

— சமைக்கிறீங்களான்னு கேக்கல. சரி விடுங்க. ஒரு நாள் எப்படிப் போகும் உங்களுக்கு? காலையிலேருந்து சொல்லுங்க.

— ஆறரைக்கு எந்திரிப்போம். ஜெபம், கொஞ்சம் உடற்பயிற்சி, படிப்பு. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அன்னிக்கு யார் யாரப் பாக்கணும்னு பேசுவோம். பத்து மணிக்குள்ள தெருவுல இருக்கணும். கதவு கதவாப் போவோம். யாராவது உள்ள கூப்பிட்டா பேசுவோம். கூப்பிடலைன்னா அடுத்த கதவு. ராத்திரி ஒம்பதுக்குள்ள அறைக்குத் திரும்பிடுவோம். பத்தரைக்கு விளக்க அணைக்கணும்.

— அணைச்சா தூக்கம் வருதா?

— விளக்கு அணையுது டாக்டர்.

— ம். டீ, காபி எவ்ளோ குடிக்கிறீங்க?

— எங்களுக்கு டீ, காபி, சிகரெட், சாராயம் எதுவும் கிடையாது.

— வயித்தக் கெடுக்கிறது ஒண்ணுகூட வாய் வழியாப் போகல. அப்ப உள்ள உக்காந்து கெடுக்கிறது எது?

— அது வந்து... டாக்டர், ஒரு உதவி வேணும். இன்னும் ஒம்பது நாள்ல என் ஊழியம் முடியுது. மொத்தம் ரெண்டு வருஷம். டிக்கெட்டும் வந்தாச்சு.

— நல்ல விஷயம்தானே.

— நான் பிரயாணம் பண்ணக் கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதித் தரணும். ரெண்டு மாசத்துக்கு.

— என்ன சொன்னீங்க?

— ரெண்டு மாசம். முடியலைன்னா ஆறு வாரம்.

— தம்பி, இந்த நாற்காலியில இருபத்தாறு வருஷமா உக்காந்திருக்கேன். வேலைக்குப் போகாம இருக்கிறதுக்குச் சீட்டு கேட்டு ஆயிரம் பேரு வந்திருப்பாங்க. வேலைய விட்டு அனுப்பிடாதீங்கன்னு சீட்டு கேக்கிற முதல் ஆளு நீங்கதான். யாரு, பொண்ணா?

— ஐயோ, இல்ல டாக்டர்!

— காது சிவக்குது.

— பொண்ணுங்க பக்கத்துல நாங்க தனியா நிக்கவே கூடாது.

— கூடாதுங்கிறதுனாலதான் கேக்குறேன். சரி, பொண்ணு இல்ல. வீட்டுக்குப் போகப் பிடிக்கலையா? அங்க ஏதாவது சண்டையா?

— சண்டையெல்லாம் இல்ல. திங்கக்கிழமை எங்களுக்குத் துணி துவைக்கிற நாள், அன்னிக்குத்தான் வீட்டுக்குப் பேசுவோம். போன வாரம் அம்மா அலமாரியத் திறந்து போன்ல காட்டினாங்க. எனக்குப் புதுசா மூணு சட்டை. ஒண்ணு பச்சை, ஒண்ணு கட்டம் போட்டது. ரெண்டு வருஷமா வெள்ளையத் தவிர ஒண்ணும் போடலையேன்னு வாங்கி வெச்சிருக்காங்க. அறைக்கு வர்ணம் அடிச்சிருக்காங்க. சிரிச்சுக்கிட்டே அழுதாங்க.

— இவ்ளோ ஆசையா ஒரு தாய் காத்துக்கிட்டு இருக்கா. நீங்க இங்க வந்து சீட்டு கேக்குறீங்க. ஏன்?

— வயித்து வலி டாக்டர்.

— கதை.

— நிஜமாவே வலிக்குது.

— வலிக்குதுதான். அது கதை இல்ல. வலிக்குக் காரணம் சொல்ல மாட்டேங்கிறீங்க பாருங்க, அதுதான் கதை. சட்டைப் பட்டனப் போட்டுக்கிட்டு இப்படி உக்காருங்க. நான்...

— டாக்டர், ஷூ காணோம்.

— எந்த ஷூ?

— அவன் ஷூ! இப்ப இருந்துச்சு, காணோம்!

— தம்பி, எங்க ஓடுறீங்க? பட்டனப் போட்டுக்கிட்டுப் போங்க! தம்பி!

— ...

— வந்துட்டீங்களா. கதவச் சாத்துங்க. எங்க இருந்தாரு?

— தண்ணி குடிக்கப் போயிருக்கான். அந்த மூலையில, குழாய்கிட்ட.

— என்ன சொன்னாரு?

— உங்களுக்கு ஒண்ணும் இல்லையேன்னு என்னைக் கேட்டான்.

— கைய நீட்டுங்க. ...நூத்தி முப்பதுக்கு மேல ஓடுது நாடி. ஒருத்தர் தண்ணி குடிக்கப் போனதுக்கா?

— விதி டாக்டர். ரெண்டு பேரும் எப்பவும் ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படுற மாதிரிதான் இருக்கணும். நான் தனியா இருக்கிற ஒரே எடம் குளியலறை. அதுக்கு அடுத்து இந்த அறைதான்.

— விதிய மீறிட்டோமேன்னு ஓடுறவன் முகம் இப்படி இருக்காது. சந்தையில பிள்ளையத் தொலைச்சவ இப்படித்தான் ஓடுவா. தம்பி, நான் நேராவே கேக்குறேன். வலி உங்களுக்கு. சீக்கு யாருக்கு?

— மெல்லப் பேசுங்க டாக்டர்.

— வெளிய டிவி அலறுது. ஒண்ணும் கேக்காது. சொல்லுங்க.

— சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.

— அவர்கிட்டயா?

— ம்.

— அப்ப நான் சொல்லிப் பாக்குறேன். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. வெளிய உக்காந்திருக்கிற உங்க கூட்டாளி தன்னையே ஏதாவது பண்ணிக்குவாரோன்னு உங்களுக்குப் பயம். ...தம்பி? தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்.

— தப்புன்னு சொல்ல முடிஞ்சா எவ்ளோ நல்லாருக்கும் டாக்டர்.

— இந்தாங்க, முகத்தத் துடைச்சுக்குங்க. அவசரமே இல்ல. வெளிய இருக்கிறவங்க கொஞ்சம் காத்திருக்கட்டும்.

— அவன் எனக்குக் கூட்டாளியா வந்து பதினோரு வாரம் ஆகுது. வந்தப்பவே ரொம்பப் பேச மாட்டான். என்ன கேட்டாலும் பரவால்லம்பான். சாப்பாடு எப்படிடா? பரவால்ல. வெயில்ல போகணுமே? பரவால்ல. நல்ல பிள்ளைன்னு நெனச்சேன். ரெண்டாவது வாரம் ஒரு மத்தியானம், ஆத்துப் பாலத்து மேல சைக்கிள்ல போய்க்கிட்டு இருக்கோம். நான் முன்னாடி. ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே போறேன். திரும்பிப் பாத்தா அவன் இல்ல. ரொம்பப் பின்னாடி, சைக்கிளச் சாத்திட்டு நின்னுக்கிட்டு இருக்கான். செயின் கழண்டு போச்சு போலன்னு திரும்பி வந்தேன். செயின் நல்லாத்தான் இருந்துச்சு.

— ம்.

— கிட்ட வந்து என்னடான்னு கேட்டேன். முகத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. கையப் பிடிச்சேன். அந்த வெயில்லயும் கை சில்லுன்னு இருந்துச்சு. 'நீங்க கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா'ன்னு ஆரம்பிச்சான், முடிக்கல. நானும் கேக்கல. பாலத்துல அப்படியே உக்காந்தோம். லாரியெல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போகுது. அப்பத்தான் சத்தியம் வாங்கினான். யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, வீட்டுக்கு மட்டும் போக முடியாதுன்னான்.

— அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம் என்ன, எந்திரிச்சுப் போனோம். மூணு மணிக்கு ஒரு வீட்டுல வரச் சொல்லியிருந்தாங்க. அங்க உக்காந்து, கடவுள் நமக்குன்னு வெச்சிருக்கிற சந்தோஷத்தப் பத்தி அவன் பேசினான் டாக்டர். அழகாப் பேசினான். அந்த வீட்டு அம்மா அழுதுட்டாங்க.

— அன்னியிலேருந்து நீங்க தூங்கல.

— கட்டில இழுத்துக் கதவுக்குக் குறுக்கப் போட்டுக்கிட்டேன். காத்து வரும்னு சொல்லி வெச்சிருக்கேன். அவன் புரண்டு படுத்தாலே முழிச்சுக்குவேன். பாலத்துப் பக்கமே போறதில்ல. சுத்தி நாலு கிலோமீட்டர் மிதிக்கிறோம். உடம்புக்கு நல்லதுன்னு சொன்னேன். பரவால்லன்னான்.

— உங்களுக்கு மேல ஒருத்தர் இருப்பாரே, அவர்கிட்ட ஏன் போகல? கோவக்காரரா?

— மிஷன் தலைவரா? தங்கமான மனுஷன். போன தடவை தனித்தனியாக் கூப்பிட்டு ஒவ்வொருத்தரையும் எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவருக்குத் தெரிஞ்சா உடனே அவன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாரு. நல்லாகுற வரைக்கும் வீட்டுல இருன்னு அன்பா அனுப்பி வெப்பாரு. அந்த அன்புதான் டாக்டர் எனக்குப் பயம்.

— வீட்டுக்குப் போனா என்ன குடி முழுகிப் போகும்?

— அவன் வீட்டுக் கூடத்துல வரிசையா மூணு ஆணி அடிச்சிருக்கு. ரெண்டுல அண்ணன்கள் படம். ரெண்டு பேரும் முழுசா ரெண்டு வருஷம் முடிச்சிட்டு வந்தப்ப எடுத்தது. மூணாவது ஆணி காலியா இருக்கு. அவன் அப்பா அங்க சபையில பெரியவர். பையன் கிளம்பின அன்னிக்கே படச் சட்டம் வாங்கியாந்து வெச்சுட்டாராம். பாதியில வந்தவன்னு யாரும் சொல்லக்கூட வேணாம், அந்த ஆணியப் பாத்துக்கிட்டே எப்படிச் சாப்பிடுறதுன்னு கேட்டான்.

— படம் மாட்டுறதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல தம்பி. எந்தப் படத்த மாட்டுவாங்கன்னு யோசிச்சீங்களா?

— டாக்டர்!

— கோவம் வரட்டும். வந்தா நல்லது.

— உங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க! நான் பதினோரு வாரமா அவன்கூட இருக்கேன். எப்பச் சிரிக்கிறான், எப்பச் சிரிக்கிற மாதிரி இருக்கான், எனக்குத்தான் தெரியும். எனக்குப் பதிலா வரப்போறவன் யாருன்னு தெரியுமா? விதிப் புத்தகத்த மனப்பாடமா ஒப்பிக்கிறவன். நல்லவன்தான். ஆனா தலைய வெச்சா அஞ்சு நிமிஷத்துல குறட்டை. அவன் பாட்டுக்குப் பாலத்து மேல கூட்டிட்டுப் போவான், முன்னாடி போய்க்கிட்டே இருப்பான், திரும்பிப் பாக்க மாட்டான். அதான் ரெண்டு மாசம் கேக்குறேன். அதுக்குள்ள சரியாயிடுவான்.

— அவருக்கு இன்னும் எத்தனை மாசம் பாக்கி?

— பதினாலு.

— ரெண்டு எழுதித் தரேன். மிச்சம் பன்னெண்டுக்கு யாரு கட்டில இழுத்துப் போடுவா?

— அவ்ளோ தூரம் நெனைக்கல.

— நெனச்சிருப்பீங்க. நெனச்சதுக்குத்தான் பன்னெண்டு கிலோ போயிருக்கு. பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு ரெண்டையும் ஒரே காவல்காரன் பாத்தா என்ன ஆகும்? ஒரு நாள் அசந்துடுவான். அந்த ஒரு நாள் எதுன்னு யாருக்குத் தெரியும்?

— கடவுள் பாத்துக்குவாரு.

— அவர்கிட்ட சொன்னீங்களா?

— சொல்லாத நாளில்ல. அவர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவன் சத்தியம் வாங்கல.

— என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லல டாக்டர். ரெண்டு வருஷம் முழங்கால் போட்டுப் பழகினவன் நான். எதையாவது கேட்டா உள்ள ஒரு நெதானம் வரும், வழி தெரியும். இதுல மட்டும் முழங்கால் போட்டா வயித்துல பிசையுது. வேற ஒண்ணும் இல்ல. நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன், அதான் கேக்க மாட்டேங்கிறாருன்னு நெனச்சேன்.

— ஜெபத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. வயித்தப் பத்தி மட்டும் தெரியும். உங்க வயிறு ரெண்டு மாசமா ஒரே ஒரு வார்த்தையத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருக்கு. சொல்லிடு, சொல்லிடுன்னு.

— சொன்னா துரோகம்.

— நீங்க வாக்கக் காப்பாத்துறீங்க. ஆள யாரு காப்பாத்துறது?

— நான் கிளம்புறேன் டாக்டர். மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க.

— உக்காருங்க.

— நான் இங்க வந்ததே தப்பு.

— உக்காருங்க தம்பி. நீங்க சொல்லியாச்சு, நான் கேட்டாச்சு. கேக்காத மாதிரி எனக்கு இருக்கத் தெரியாது. இந்தக் கதவத் திறந்து உங்க ரெண்டு பேரையும் வெயில்ல அனுப்பிட்டு, அடுத்த ஆள நாக்க நீட்டச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. நான் வயித்து டாக்டர். இதுக்குன்னு மனசு வைத்தியம் படிச்சவ மாடியில இருக்கா, என்னை விடச் சின்னப் பொண்ணு, என்னை விடக் கெட்டிக்காரி. செவ்வாயும் வெள்ளியும் வருவா. இன்னிக்கு வெள்ளி. இப்பவே மேல கூட்டிட்டுப் போறேன். உங்க தலைவர்கிட்டயும் நானே பேசுறேன். ஆனா அந்தப் பிள்ளைய யாரு உள்ள கூப்பிடணும்கிறத நீங்க சொல்லுங்க. நர்ஸ் கூப்பிட்டா அவருக்குப் பொறி வெச்ச மாதிரி இருக்கும்.

— அவன் என் மூஞ்சியில முழிக்க மாட்டான்.

— முழிக்காம போகட்டும். உயிரோட இருந்து முழிக்காம போகட்டும்.

— ஒம்பது நாள்ல நான் போயிடுவேன். அவன் கடைசியா என்னை நெனைக்கிறது இதுக்குத்தான் இருக்கும். காட்டிக் குடுத்தவன்னு.

— இருக்கலாம். இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.

— ...அந்தத் தண்ணியக் கொஞ்சம் குடுங்க டாக்டர்.

— இந்தாங்க. பூராவும் குடிங்க.

— நானே கூப்பிடுறேன்.

— சரி.

— டேய்... கொஞ்சம் உள்ள வா.

— என்னண்ணா, ரொம்ப நேரம் ஆச்சே? டாக்டர், இவருக்குப் பெருசா ஒண்ணும் இல்லையே? எவ்ளோ செலவானாலும் பரவால்ல, நல்லாப் பாத்துருங்க. இவரு சாப்பிடுறதே இல்ல.

— உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க. அவரப் பாத்துட்டேன். அவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

— என்னண்ணா? ஏன் கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?

— மன்னிச்சிருடா.

— எதுக்கு?

— சொல்லிட்டேன்.

— என்னது?

— பாலத்துல நடந்தத. டாக்டர்கிட்ட. முடியலடா. நான் போன பிறகு யாரு... என்னால முடியல. சத்தியத்த மீறிட்டேன். நீ என்ன வேணா திட்டு. அடிக்கிறதுன்னாலும் அடி.

— எல்லாத்தையுமா சொன்னீங்க?

— எல்லாத்தையும்.

— கட்டில் போட்டுப் படுக்கிறது?

— அது எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?

— சன்னல் என் கட்டில் பக்கம்தான் இருக்கு. காத்து எப்படிண்ணா கதவுப் பக்கம் வரும்?

— தம்பி, அவரக் கோவிச்சுக்காதீங்க. நான்தான் விடாம...

— இல்ல டாக்டர், இருங்க. நான் சொல்லிக்கிறேன். அண்ணா, அழாதீங்க. என்னைப் பாருங்க. அன்னிக்கு உங்ககிட்ட சத்தியம் வாங்கினது நான்தான். ஆனா மறுநாள் காலையிலேருந்து ஒவ்வொரு நாளும், இன்னிக்காவது யார்கிட்டயாவது சொல்லிட மாட்டீங்களான்னுதான் உங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்.